கடன் கொப்பிகளின் பின்பக்கங்கள்

வாப்பா 1998இல் மௌத்தானபோது நாங்கள் முதலில் தேடியது அவருடைய கடன் கொப்பிகளை. கடன் தீர்க்காமல் சொத்துப் பிரிக்க முடியாதென்பது நம்மவர்கள் அறிந்ததே. மாத்தளையில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்ற சிறிய கடை அவருடையது. கொடுக்க வேண்டியது சொற்பம், வரவேண்டியதுதான் அதிகம். உம்மா இத்தாவில் இருந்தபடியே, "வரவேண்டியத எல்லாம் ஹலாலாக்கி உடுங்க" என்றார். கொப்பிகளைக் கட்டப்போன நானா, ஒன்றின் பின்பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். அங்கே வேறொரு கணக்கு இருந்தது.

"பம்பாய். லாபிர் உலகச் சம்பியன்." 1973ஆம் ஆண்டுக் கொப்பியில் அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஆனால் அந்த வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள்.

அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை இருந்த, பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. 'சிலோன்' என்பது 'ஸ்ரீலங்கா' ஆனது அதற்கு முந்திய வருடந்தான். அப்பெயரோடு போன எம்.ஜே.எம். லாபிர், பம்பாயில் நடந்த தொழில்முறை சாராதோருக்கான உலக பில்லியர்ட்ஸ் போட்டியில் இந்தியாவின் சதீஷ் மோகனை இரண்டாமிடத்துக்குத் தள்ளி வென்றார். எந்த விளையாட்டிலும் இந்நாட்டுக்குக் கிடைத்த முதல் உலகச் சம்பியன் அவரே. கிரிக்கெட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்க இன்னும் எட்டு வருடங்கள் இருந்தன. வாப்பா பில்லியர்ட்ஸ் மேசையைக் கிட்ட நின்று பார்த்தவரல்ல. ஸ்னூக்கரில் 22 பந்துகள், இதில் மூன்றே மூன்று என்பதைக் கேரம் காய்களை வைத்து எங்களுக்கு விளக்குவார்.

சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேச'னைப் பற்றி நாம் எத்தனையோ கட்டுரைகள் வாசித்துவிட்டோம். வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் லாபிரின் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் "ஆரு?" என்று கேட்கிறார்கள். ஆலிமையும் புலவரையும் எழுதிய நம் பேனாக்களுக்கு ஆட்டக்காரன் அவ்வளவு கௌரவமானவனாகத் தெரியவில்லை போலும். சூதாட்டத்துக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் பாராத பெரியவர்கள் அன்று எங்கள் தெருவிலும் இருந்தார்கள்.

கடை பூட்டியதும் வாப்பா நேரே வீட்டுக்கு வருவார். இஷாவுக்குப் பிறகு கேரம் பலகை விரியும். நானா, ராத்தா, நான், சில இரவுகளில் உம்மாவும். லீவு நாட்களில் எட்வேர்ட் பார்க்குக்கு என்னையும் கூட்டிப்போவார். எனக்குப் பதினொரு வயதானபோது மூத்தும்மா, "குமராகப் போறா, இனி பார்க் வேணாம் மகன்" என்றார். வாப்பா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. நானா மட்டும் போனான். அதற்காக நான் அவரோடு கோபித்தேன், அந்தக் கோபம் முழுதாக ஆறியதென்று இப்போதும் சொல்லமாட்டேன்.

அதற்குப் பதிலாகவோ என்னவோ, அவர் எனக்கு ஸ்கோர் எழுதப் பழக்கினார். 1975 ஜூன் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. முதலாவது உலகக் கிண்ணம், ஓவல் மைதானம். அவுஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 328. தொம்சனின் பந்துகள் பட்டு நம்மவர் இருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்: சுனில் வெத்தமுனி 53, துலீப் மெண்டிஸ் 32. இருவர் பெயருக்கும் எதிரே "காயம்" என்று குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறேன். இலங்கை 4 விக்கெட்டுக்கு 276. தோற்ற ஆட்டம். வாப்பா அதை வெற்றியைப் போல வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகும் சில வருடங்கள் என் எழுத்து வருகிறது. 1982இல் அவருடையது. நான் கல்யாணமாகி அக்குறணைக்குப் போயிருந்தேன். பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துடன் நம் முதலாவது டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்றிருந்தது 175க்குள் முடிந்துபோனது. எட்டு ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட். வாப்பா விழுந்த விக்கெட்டுகளைக் கோடு போட்டு எண்ணியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஆறு கோடுகளே இருந்தன.

ஏழாவதை நான் பென்சிலால் போட்டேன்.