சிலம்பப் பயிற்சியும் காலப் பகுப்பும்

சிலம்பம் பயில வரும் சிறுவன் முதல் நாளே கம்பைச் சுழற்ற விழைவான். நம் ஆசான்களோ முதலிற் காலடி வரிசையையே பயிற்றுவித்தனர். வீச்சும் சுற்றும் அதன் பின்னரே. கால் நிலைத்தாலன்றித் தடுத்தலும் தாக்குதலும் கைகூடா என்பது அவர்தம் கொள்கை.

1801-ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆங்கிலக் கும்பினியார், பாளையக்காரர் நாட்டில் படைக்கலம் ஏந்துவதைத் தடை செய்தனர். போர்க்களம் மறைந்த பின்னும் சிலம்பம் கோயில் திருவிழாக்களில் வாழ்ந்தது. மராட்டியரின் மர்தானி கேலும் இன்று விழாக்களிலேதான் பெரிதும் காணப்படுகிறது. ஆயின், காண்போர் கண்ணைக் கவர்வது சுழற்சியன்றோ! காலடிக்குக் கைதட்டுவார் யார்? இக்காலப் போட்டிகளில் தனியே கம்பு வீசிக் காட்டுவது ஒரு பிரிவு. எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி பெறும் தொடுமுறை மற்றொரு பிரிவு. முன்னதிற் சுழற்சி பொலியும். பின்னதிற் காலே காக்கும்.

கல்யாணில் ரயிலேறிப் பணிக்குச் சென்று இரவில் மீளும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் வாய்ப்பதே அரிது. அதிற் பாதியைக் காலடிக்கும், எஞ்சியதைச் சுற்றுக்கும் இருவர் பயிற்சிக்கும் பகிர்ந்தளித்தல் நலம். மேடைக்காக மட்டும் கற்பித்தால் கம்பு எஞ்சும், கலை எஞ்சாது.