எண்ணெய்க் கிணறும் இறால் வலையும்

ஹொலிவூட்டில் 1930களிலும் 40களிலும் குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட சாகசப் படங்களுள் ஒரு தனி வகை உண்டு. பெரிய கம்பனி எதனையும் சாராமல், கடன்பட்ட பணத்தில் கோபுரம் நட்டு, எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாத நிலத்தைத் துளையிடும் தனியாளின் கதை அது. இத்தகையவனை அமெரிக்கர் 'வைல்ட்கற்றர்' என்றழைத்தனர். காட்டுப்பூனை மட்டுமே குடியிருக்கும் இடத்தில் தோண்டுபவன் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு.

பரமவுண்ட் நிறுவனத்துக்குச் சிக்கனமாகப் படம் எடுத்துக் கொடுத்தவர்கள் வில்லியம் பைன், வில்லியம் தோமஸ் என்ற இருவர். 'டொலர் பில்கள்' என்பது இவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர். வில்லியத்தின் செல்லச் சுருக்கமும் பில். டொலர் நோட்டும் பில். 1942இல் இவர்கள் தயாரித்த 'வைல்ட்கற்' படத்தில் ரிச்சர்ட் ஆர்லன் நடித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் வோர்னர் நிறுவனம் ஜோன் கார்ஃபீல்டை வைத்து 'ஃபுளோயிங் கோல்ட்' எடுத்திருந்தது. கதை ஏறத்தாழ ஒன்றேதான். கடன்காரர் நெருக்குவர், எதிரி சதி செய்வான், ஒரு பெண்ணை இருவர் விரும்புவர். கடைசி ரீலில் கறுப்பு எண்ணெய் கோபுரத்தையும் மீறிப் பீறிட, நாயகன் அதில் நனைந்தபடி ஆனந்தக் கூத்தாடுவான்.

அந்தக் கூத்துக்கு ஒரு வரலாற்று மூலம் உண்டு. 1901 ஜனவரி 10ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்ரொப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டது. ஒன்பது நாட்கள் அதனை அடக்க முடியவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பீப்பாய் வெளியேறியதாகக் கணக்கிட்டார்கள். ஆனால் 1922இலேயே, கிணற்றின் வாயை இறுக அடைத்து இப்படிப் பீறிடுவதைத் தடுக்கும் கருவியை கமெரனும் அபர்குரொம்பியும் உருவாக்கிவிட்டனர். ஆகவே 1940களின் பொறியியலாளனுக்கு அது வெற்றியன்று, விபத்து. திரைக்கு மட்டும் அது தொடர்ந்து வெற்றியாகவே இருந்தது. கணக்கேட்டில் இலாபம் காட்டினால் யார் சீட்டு வாங்குவார்?

மட்டக்களப்பாருக்கு இவற்றுள் நெருக்கமானது 1953இல் வெளிவந்த 'தண்டர் பே'. ஜேம்ஸ் ஸ்டுவர்ட் நடித்து, அந்தனி மான் இயக்கிய பெரிய படம். மலிவு வகையைச் சேர்ந்ததல்ல. எனினும் கதையின் எலும்புக்கூடு அந்த மலிவுப் படங்களிடமிருந்து பெற்றதே. லூசியானாக் கரையில் கையில் காசில்லாத இருவர் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்ட வருகிறார்கள். அவ்வூரார் இறால் பிடிப்பவர்கள். ஆய்வுக்காகக் கடலில் வெடி வைத்தபோது, தங்கள் இறால் படுகை அழிகிறதென்று கொதித்தெழுகிறார்கள். முடிவில் ஒரு விந்தை நிகழ்கிறது. மீனவர் நெடுங்காலம் தேடித் திரிந்த பொன்னிற இறால், இரவில் எண்ணெய் மேடையின் கீழேயே திரள்கிறது. எண்ணெயும் கிடைக்கிறது, இறாலும் கிடைக்கிறது, பகையும் தீர்கிறது.

இப்படத்தை நான் முதலில் பார்த்தது தேய்ந்துபோன வீடியோப் பிரதி ஒன்றில். அந்த முடிவை நம்ப அப்போதே என்னால் முடியவில்லை. எங்கள் வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலப்பது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே வாவிக்குள் புகுந்து, கண்டல் வேர்களிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மாரி வெள்ளத்தில் வயல்கள் மூழ்கும்போது முகத்துவார மணல்திட்டை எப்போது வெட்டுவது என்பதிலேயே விவசாயிக்கும் மீனவருக்கும் கருத்து வேறுபாடு எழும். ஒரு மணல்திட்டுக்கே இவ்வளவு வழக்கென்றால், எண்ணெய் மேடைக்கு எவ்வளவு என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1948இல் ரொபேர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த 'லூசியானா ஸ்ரோரி'யையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சதுப்பு நீரில் தோணி வலிக்கும் சிறுவன் ஒருவன், துளையிடும் கோபுரத்தை வியந்து பார்க்கிறான். கோபுரம் வருகிறது, வேலை முடிகிறது, போகிறது. சதுப்பு நிலத்துக்கு ஒரு கீறலும் இல்லை. எத்தனை அழகான படம்! அதற்குப் பணம் கொடுத்தது நியூ ஜேர்சி ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனி.

இலங்கையின் எண்ணெய்க் கதையில் தனியாள் நாயகன் இல்லை. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. மறு ஆண்டு அந்நியக் கம்பனிகளின் சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட, 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார் பேசாலையில் துளையிட்டார்கள். வணிக அளவில் எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் கெயார்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் எரிவாயுவைக் கண்டுபிடித்தது, பின்னர் விலகிக்கொண்டது. 2016இல் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 ஆகிய கடற்பகுதிகளை ஆராய பிரான்ஸின் ரொட்டால் நிறுவனத்துடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அது ஆய்வுக்கானதே, துளையிடுவதற்கானதல்ல. ஆனாலும் அன்று கிழக்கில் பலர் பேசியதில் அந்தப் பழைய கடைசி ரீலின் மகிழ்ச்சி தொனித்தது. எண்ணெய் வரும், வேலை வரும், வறுமை ஒழியும் என்றார்கள். வாவியில் வீச்சுவலை வீசுபவனிடம் எவரும் கேட்டதாக நான் காணவில்லை.

'தண்டர் பே' காட்டிய அதே லூசியானாக் கடலில் 2010 ஏப்ரல் 20ஆம் திகதி 'டீப்வோட்டர் ஹொரைசன்' மேடை வெடித்தது. பதினொரு தொழிலாளர் மாண்டனர். கிணற்றின் வாயை அடைக்கவேண்டிய கருவி அடைக்கவில்லை. 87 நாட்களின் பின்னரே, ஜூலை 15ஆம் திகதி, எண்ணெய் நின்றது. மெக்சிக்கோ வளைகுடாவின் பெரும் பரப்பில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. இறால் படகு வைத்திருந்தவர்கள் பலர் வலையை வீட்டில் வைத்துவிட்டு, அதே படகில் எண்ணெய் அள்ளும் கூலி வேலைக்குப் போனார்கள். சம்பளம் கொடுத்தது எண்ணெய்க் கம்பனிதான்.