சுதேசிக் கப்பல் நிறுவனம்: நெருக்கடியில் ஒரு தலைமை

'கப்பலோட்டிய தமிழர்' என்னும் பெயர் வ.உ.சிதம்பரனாருக்கு நிலைத்துவிட்ட ஒன்று. சிறையில் அவர் செக்கிழுத்த துயரும் தமிழ்மக்கள் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றுள்ளது. இவ்விரு பெருமைகளுக்கும் இடையே அதிகம் பேசப்படாமல் நிற்பது அவருடைய நிர்வாகத் திறம். சிறுமுதல் கொண்ட நிறுவனம் ஒன்றைப் பெரும்பகைக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் நடத்தினார். அத்தலைமை எங்கே வென்றது, எங்கே தளர்ந்தது என ஆராயும்போதுதான் அவர்தம் தியாகத்தின் முழுவிலையும் புலப்படும்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான நீராவிக் கப்பல் போக்குவரத்து, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் தனியுரிமை போலவே இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும், அரிசி முதலிய சரக்குகளை அனுப்பிய வணிகரும் அதனையே நம்பியிருந்தனர்.

1905இல் நடந்த வங்கப் பிரிவினை நாடெங்கும் சுதேசி உணர்வை எழுப்பியது. பிரிவினை நடைமுறைக்கு வந்த நாள் 1905 அக்டோபர் 16. சரியாக ஓராண்டு கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய், பங்குகள் 40,000. மதுரையில் 1901ஆம் ஆண்டு தமிழ்ச்சங்கம் கண்ட பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைவராயினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை ஏற்று 2 லட்சம் ரூபாய் அளித்தார். தமிழ் வளர்த்த வள்ளலும் இசுலாமிய வணிகரும் வழக்கறிஞரும் ஒரே முயற்சியில் கைகோத்தது எண்ணிப் போற்றத்தக்கது.

கப்பல் இல்லாத நிறுவனம்

முதல் நெருக்கடி தொடக்கத்திலேயே வந்தது. நிறுவனத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்னும் நிறுவனத்தாரிடம் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்தே ஓட்டினர். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் குத்தகைக் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. பயணச்சீட்டு வாங்குவோர் காத்திருக்க, ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை என்னும் இக்கட்டு நேர்ந்தது.

சிதம்பரனார் இதனை இருநிலைகளில் எதிர்கொண்டார். உடனடித் தேவைக்குக் கொழும்பு சென்று வேறொரு கப்பலைக் குத்தகைக்குக் கொணர்ந்தார். நிலையான தீர்வுக்குப் பம்பாய் சென்று, கப்பலோடன்றித் திரும்புவதில்லை என உறுதி பூண்டு நின்றார். 1907ஆம் ஆண்டு 'காலியா' தூத்துக்குடிக்கு வந்தது. 'லாவோ' என்னும் மற்றொரு கப்பலும் சேர்ந்தது. பாரதியாரின் 'இந்தியா' இதழ் இச்செய்தியைக் கொண்டாடியது. அன்றைய தேவையை ஈடுசெய்வதோடு நில்லாமல், பிறர் உடைமையைச் சார்ந்திருந்த குறையையே களைய முற்பட்டது இத்தலைமையின் முதற் சிறப்பு.

கட்டணப் போர்

அடுத்த நெருக்கடி இதனினும் கொடியது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாக்கியது. இறுதியில் கட்டணமின்றி ஏற்றிச்செல்லவும், பயணிகளுக்குக் குடை வழங்கவும் அக்கம்பெனி முன்வந்தது என்பர். பல கடல்வழிகளில் பல கப்பல்களை ஓட்டிய நிறுவனத்திற்கு ஒரு வழியில் நேரும் இழப்பு பெரிதன்று. மற்ற வழிகளின் வருவாய் அதனைத் தாங்கும். சுதேசி நிறுவனத்திற்கு உயிர்நாடியே அவ்வொரு வழிதான். அங்கு நேரும் இழப்பு மூலதனத்தையே அரிக்கும். அரசு அலுவலரின் சாய்வும் எதிர்த்தரப்பிற்கே துணையாயிற்று.

இந்நிலையிலும் சுதேசிக் கப்பலில் மக்கள் ஏறினர் என்பதே வியப்பு. குறைந்த கட்டணத்தை விட்டு, காசு கொடுத்துத் தம் நாட்டுக் கப்பலில் செல்ல அவர்களைத் தூண்டியது எது? மேடைதோறும் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய உரைகள் ஊட்டிய நாட்டுணர்வே. வணிகக் கணக்கேட்டில் இடம்பெறாத இவ்வுணர்வே அந்நிறுவனத்தின் உண்மையான முதல்.

மூன்றாம் நெருக்கடி

நிறுவனத்தைத் தாங்கிய அந்த உணர்வே அரசின் சினத்தையும் வரவழைத்தது. அரசியலினின்று சிதம்பரனார் விலகினால் வணிகம் பிழைக்கும் என்று இயக்குநருள் சிலர் கருதினர். பங்குதாரரின் பணத்திற்குப் பொறுப்பேற்றவர்கள் அவ்வாறு அஞ்சியது இயல்பே. சிதம்பரனாரோ கப்பலையும் நாட்டு விடுதலையையும் வேறுபடுத்திக் காணவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் முன்னின்றார், தொழிலாளர் வென்றனர். மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். சூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

நிறுவனம் அதன்பின் நிமிரவில்லை. 1911இல் அது கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. கப்பல்களும் அலுவலகமும் இருந்தன. மக்களை அழைத்துவரும் குரல் இல்லை. அரசியலை நீக்கி வணிகத்தைக் காக்கலாம் என்று எண்ணியோர் ஒன்றை மறந்தனர்: அரசியலை நீக்கினால் அக்கப்பல், கட்டணம் மிகுந்த மற்றுமொரு கப்பலே ஆகும், அதில் ஏற எவர்க்கும் காரணம் இராது.

எனினும் குறை ஒருபக்கத்தது மட்டுமன்று. தலைவர் இல்லாதபோதும் அவ்வுணர்வைச் சுமந்து செல்லும் இரண்டாம் வரிசை உருவாகவில்லை. குத்தகைக் கப்பலை நம்பியிருத்தல் ஆபத்து என முன்னுணர்ந்து களைந்த நிறுவனம், ஒரு மனிதரை மட்டுமே நம்பியிருத்தலும் அத்தகைய ஆபத்தே என்பதை உணர்ந்து களையக் காலம் வாய்க்கவில்லை. ஒன்றரை ஆண்டு அதற்குப் போதாது.

முடிவுரை

1912ஆம் ஆண்டு இறுதியில் விடுதலை பெற்ற சிதம்பரனார், வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்ட நிலையில், சென்னையில் சிறுவணிகம் செய்து வாழ நேர்ந்தது. அவ்வறுமைக்கு இடையிலும் தமிழை விடவில்லை. தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று மறைந்தார். நிறுவனம் கலைந்து நூறாண்டு நிறைந்த 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

சிறு நிறுவனம் ஒன்று பெருநிறுவனத்தோடு பணத்தால் பொருத முடியாது. தான் எதற்காகத் தோன்றியது என்னும் நோக்கத்தால் பொரலாம். அந்நோக்கத்தைக் கைவிட்டு உயிர்பிழைக்க முயல்வதும், அதனை ஒருவர் தோளிலேயே ஏற்றி வைப்பதும் ஒருங்கே கேடு தருவன. நற்பணி எதனையும் கூடிச் செய்ய முனையும் அமைப்புகள் யாவும் சுதேசிக் கப்பலின் வரலாற்றில் கற்கவேண்டியது இதுவே.