கொற்கை முத்தும் கோஸ் தீவு ஒயினும்

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, மக்ரூன் என்று வரிசையாக நினைவுக்கு வரும். ஒயின் யாருக்கும் நினைவுக்கு வராது. பனையும் உடைமரமும் தேரி மணலும் உள்ள கரை இது. திராட்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையை ஆண்ட பாண்டியர்கள் மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்து வந்த ஒயினைக் குடித்தார்கள். இதற்கு இலக்கியச் சான்றும் இருக்கிறது, மண்ணுக்குள் இருந்து எடுத்த சான்றும் இருக்கிறது. அந்த ஒயின் எங்கே விளைந்தது, எப்படி வந்தது, பதிலுக்கு இங்கிருந்து என்ன போனது, கடைசியில் யார் குடித்தார்கள் என்று பார்ப்போம்.

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டிய மன்னனை வாழ்த்துகிறார். யவனர்கள் கொண்டு வந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, அதைக் குடித்து இனிதாக வாழ வேண்டும் என்பது அந்த வாழ்த்து. கள்ளுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் கடல் கடந்து வந்த மதுவைத் தனியாக எடுத்துச் சொல்கிறார் என்றால் அது எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்க வேண்டும்!

திராட்சை ஏன் இங்கே விளையவில்லை?

ஒயினுக்கான திராட்சை பெரும்பாலும் 30 முதல் 50 டிகிரி வரையுள்ள அட்சரேகைகளில் விளைகிறது. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்க வேண்டும். வசந்தத்தில் துளிர்க்க வேண்டும். பிறகு மழையில்லாத நீண்ட கோடையில் பழம் பழுக்க வேண்டும். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் அழுகும்.

தூத்துக்குடி இருப்பது 9 டிகிரிக்கும் கீழே. இங்கே குளிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, மற்ற மாதங்களில் வெயில். இப்படிப்பட்ட இடத்தில் திராட்சைக் கொடி உறங்கவே உறங்காது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று திராட்சை நன்றாக விளைகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே கொடிகளைக் கவாத்து செய்து, குளிர் செய்ய வேண்டிய வேலையை விவசாயியே செய்கிறார். அந்தப் பழமும் பெரும்பாலும் சாப்பிடுவதற்கே போகிறது.

முத்துக்கரையின் மது பனையில் இருந்தது. ஆனால் கள்ளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. காலையில் இறக்கினால் மாலைக்குள் புளித்துவிடும், அடுத்தடுத்த நாட்களில் காடியாகிவிடும். அதைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்க முடியாது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால்தான் அது தூரம் போகும். வாணிபத்தின் எளிய விதி இதுதான்: கெடாத சரக்கே கடல் கடக்கும்.

கோஸ்: திருட்டில் பிறந்த சுவை

ஒயினும் கெடக்கூடியதே. அதைக் கெடாமல் ஒரு வருடம் பயணம் செய்ய வைப்பது எப்படி என்று கண்டுபிடித்த இடங்களில் ஒன்று கோஸ் தீவு.

கோஸ் இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்தது, துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டஸ் பிறந்த தீவும் இதுதான். சுமார் 37 டிகிரி வடக்கு. மழை குளிர்காலத்தில், கோடையில் வறட்சி. திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோஸ் ஒயினின் தனித்தன்மை அதில் கலந்த கடல்நீர்! இது எப்படித் தொடங்கியது என்பதற்கு ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். அடிமை ஒருவன் ஒயினைத் திருடினான். அளவு குறைவது தெரியாமல் இருக்கக் கடல்நீரை ஊற்றி நிரப்பினான். அந்தச் சுவை பிடித்துப்போய் அதுவே வழக்கமாகிவிட்டதாம். கதை உண்மையோ இல்லையோ, உப்பு சேர்ந்த ஒயின் எளிதில் கெடாமல் இருந்தது. அதனால் தூர தேசங்களுக்கு அனுப்ப வசதியாக இருந்தது.

பெயர் வந்தால் போலியும் வரும் அல்லவா? கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியரான கேட்டோ, இத்தாலியில் கோஸ் ஒயினைப் போலவே தயாரிப்பது எப்படி என்று தன் விவசாய நூலில் செய்முறை எழுதி வைத்தார். கோஸ் தீவின் இரட்டைக் கைப்பிடிச் சாடியையும் இத்தாலியர்கள் அப்படியே நகல் எடுத்தார்கள்.

ஒயின் வந்த மற்ற ஊர்களும் உண்டு. இத்தாலியின் கம்பானியா பகுதி ஒயினுக்கு உயர்ந்த மதிப்பு. எரிமலை மண் கலந்த அந்த ஊர்ச் சாடிகளில் கருமணல் துகள்கள் தெரியும். சிரியாவின் லவோதிக்கேயா நகருக்கு மேலே உள்ள மலையில் உச்சி வரை கொடிகள் இருந்ததாகவும், அலெக்சாந்திரியாவுக்கு வேண்டிய ஒயினில் பெரும்பகுதி அங்கிருந்தே போனதாகவும் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ரோட்ஸ் தீவும் பட்டியலில் உண்டு.

சாடி ஓடுகள் சொல்வது

ஆம்போரா எனப்படும் இந்தச் சாடியின் அடிப்பகுதி கூர்மையாக இருக்கும். உள்ளே ஒழுகாமல் இருக்கக் கீல் பூசுவார்கள். ரோமானிய அளவில் ஒரு ஆம்போரா சுமார் 26 லிட்டர்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தார்கள். அங்கு கிடைத்த ஆம்போரா ஓடுகளை எலிசபெத் வில் ஆராய்ந்தபோது கோஸ் பாணிச் சாடிகள் முக்கிய இடம் பிடித்தன. பாண்டிய நாட்டில், வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்திலும் தமிழக தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்து ரோமானிய நாணயங்களையும் ஆம்போரா ஓடுகளையும் எடுத்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்தியாவில் ரோமானியச் சாடி என்று முதலில் எண்ணிய பல ஓடுகள், பாரசீக வளைகுடாப் பக்கத்தில் இருந்து வந்த வேறு வகைச் சாடிகள் என்று பின்னர் ராபர்ட்டா டாம்பர் போன்றவர்கள் காட்டினார்கள். எனவே யவன வாணிபத்தை மிகைப்படுத்திப் பார்க்கவும் கூடாது.

ஒரே பக்கத்தில் வரவும் பற்றும்

அலெக்சாந்திரியாவில் இருந்து சாடிகள் நைல் நதி வழியாகக் கோப்டாஸ் வரை படகில் வரும். அங்கிருந்து ஒட்டகத்தின் மேல் 12 நாள் பாலைவனப் பயணம், பிறகு செங்கடலில் பெரெனிகே துறைமுகம். அங்கே கி.பி. 1ஆம் நூற்றாண்டின் சுங்கச் சீட்டுகள் பானை ஓட்டில் எழுதியபடியே கிடைத்துள்ளன. அவற்றில் அதிகம் வரும் சரக்கு ஒயின்தான். கோடையின் நடுவில் கப்பல் புறப்படும். செங்கடலைத் தாண்ட 30 நாள், பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் முசிறிக்கு 40 நாள் என்று பிளினி கணக்குச் சொல்கிறார்.

அதே நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கையேடு பெரிப்ளூஸ். அவர் பெயர் தெரியாது. ஆனால் நல்ல கணக்குப்பிள்ளையைப் போல ஒவ்வொரு துறைமுகத்திலும் என்ன இறங்கும், என்ன ஏறும் என்று குறித்து வைத்திருக்கிறார். சேரரின் முசிறியையும் பாண்டியரின் மேற்குக்கரைத் துறைமுகமான நெல்கிண்டாவையும் சேர்த்து அவர் தரும் பட்டியலைப் பாருங்கள். இறக்குமதியில் முதலில் நிறைய நாணயம், பிறகு பல சரக்குகள், அவற்றோடு ஒயின், ஆனால் அதிகம் இல்லை. ஏற்றுமதியில் மிளகு, தந்தம், பட்டு, இவற்றுடன் உயர்ந்த ரக முத்து நிறைய.

ஒயின் கொஞ்சம், முத்து நிறைய! மீதியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி புலம்பியதும் இதனால்தான். எகிப்து வழியாகப் போகும் கீழை நாட்டுச் சரக்குக்கு ரோமானிய அரசு 25 சதவீத வரியும் போட்டது. அதற்கு மேலும் முத்துக்குக் கிராக்கி குறையவில்லை. லோலியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தானே பார்த்ததாகப் பிளினி எழுதுகிறார்.

குளித்தவர் யார்? குடித்தவர் யார்?

கணக்கில் வராத ஒரு ஆள் இருக்கிறார். அவர்தான் முத்துக்குளித்தவர்.

பெரிப்ளூஸ் கொற்கையை முத்துக்குளிக்கும் இடம், பாண்டியன் ஆட்சியில் உள்ளது என்று சொல்கிறது. கூடவே ஒரு சிறு குறிப்பும் தருகிறது: அங்கே கடலில் இறங்குபவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். இது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்டனையாகக் கொடுக்கும் அளவுக்கு ஆபத்தான வேலை என்பது புரிகிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாரில் இறங்கிச் சிப்பி அள்ள வேண்டும். சுறா பயம் வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாகச் சொல்கிறார்.

மதுரைக்காஞ்சியும் கொற்கையைப் பாடுகிறது. அதில் முத்து இருக்கிறது, சங்கு வளையல் சேரி இருக்கிறது, கள் குடிப்பவர்கள் வாழும் பாக்கமும் இருக்கிறது. யவனர் மது அங்கே இல்லை. பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்தது தேறல். அந்தத் தேறலுக்கு ஈடான முத்தை எடுத்தவர்கள் குடித்தது பனங்கள்.

மீண்டும் வந்த ஒயின்

ரோமானிய வாணிபம் நின்றது. தாமிரபரணி கொண்டு வந்த வண்டலால் கடல் விலகிப் போய்க் கொற்கை இன்று உள்நாட்டுக் கிராமமாக இருக்கிறது. காயல், பிறகு தூத்துக்குடி என்று துறைமுகமும் இடம் மாறியது.

1530களில் போர்த்துக்கீசியர் வந்தபோது முத்துக்குளிக்கும் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். திருப்பலிக்குத் திராட்சை ஒயின்தான் வேண்டும், வேறு மது ஆகாது என்பது திருச்சபை விதி. ஆகவே பனை நாட்டுக்கு மறுபடியும் கப்பலில் ஒயின் வந்தது. இந்த முறை அது வந்து சேர்ந்த இடம் முத்துக்குளிப்பவர்கள் மண்டியிட்ட பீடம்.

ஆனால் அன்றைய வழக்கப்படி மக்களுக்கு அப்பம் மட்டும். கிண்ணத்தில் உள்ளது குருவுக்கே. இந்த வழக்கத்தை 1562இல் திரெந்து சங்கமும் உறுதி செய்தது. பொதுமக்களுக்கும் கிண்ணம் தரலாம் என்ற வழி, 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான் திறந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.