மீன் முதலில், கோடு பிறகு

நார்வேயும் ருஷ்யாவும் பேரண்ட்ஸ் கடலில் தங்கள் எல்லை எது என்று முடிவு செய்தது 2010 செப்டம்பர் 15 அன்றுதான். மூர்மன்ஸ்க் நகரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம், நாற்பது ஆண்டுகளாக இழுபறியில் கிடந்த ஏறத்தாழ 1,75,000 சதுர கிலோமீட்டர் கடலைக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்தது. ஆனால் அந்தக் கடலின் மீனை இரு நாடுகளும் பங்கிடத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பு. 1975-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1976-இல் கூட்டு மீன்வள ஆணையம் முதன்முறையாகக் கூடியது. எல்லை விஷயத்தில் ஒத்துப்போகாமலேயே 34 ஆண்டுகள், வரும் ஆண்டில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாக் விரிகுடாவில் வரிசை தலைகீழ். 1974 ஜூன் ஒப்பந்தம் இங்கே கோட்டைப் போட்டுக் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் சேர்த்தது. 1976 மார்ச் ஒப்பந்தம் அந்தக் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டியது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது அப்போது பரிமாறிக்கொண்ட கடிதங்களில் முடிவானது. கோடு போட்டாயிற்று. மீனை எப்படிக் காப்பது, யார் எந்த வலையைப் போடலாம் என்பதற்குக் கூட்டான ஏற்பாடு எதுவும் எழுதப்படவில்லை. இங்குள்ள ஐம்பதாண்டுத் துயரத்துக்கு இந்த வரிசைக் கோளாறு ஒரு முக்கியக் காரணம் என்பது என் துணிபு. பேரண்ட்ஸ் கடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது துலக்கமாகிறது. அந்த வழியை இங்கே அப்படியே பெயர்த்துவைக்க முடியாது என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

வடக்கே பேச்செல்லாம் பெரும்பாலும் காட் என்கிற ஒரு மீனைச் சுற்றித்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிடுகிறது. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு வடகிழக்கே போகின்றன. ருஷ்யாவை ஒட்டிய கடலில் பொடி மீன் வளர்கிறது. முற்றிய மீன் முட்டையிட மறுபடி நார்வேக் கரைக்கு வருகிறது. ருஷ்யர்கள் தங்கள் பக்கத்திலேயே வலை போட்டால் சிக்குவது பொடிதான். பொடியை அள்ளிவிட்டால் நார்வேக்குப் பெருமீன் வராது. நார்வேக்காரர்கள் முட்டையோடு வரும் மீனை ஒட்ட அள்ளினால் ருஷ்யாவுக்குப் பொடியும் மிஞ்சாது. ஆகவே நார்வே தன் கடலுக்குள் ருஷ்யக் கப்பல்களை வரவிட்டது: இங்கே வந்து பெரிய மீனாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே பொடியை விட்டுவையுங்கள் என்பதுதான் பேரம். காட் மீனும் ஹேடக் மீனும் பாதிப்பாதி. கேப்லின் மீன் நார்வேக்கு 60, ருஷ்யாவுக்கு 40 விழுக்காடு. ஒன்று நேட்டோ நாடு, மற்றது சோவியத் நாடு. அந்தப் பகைக்கு நடுவிலும் இது நடந்தது. எல்லைத் தகராறு இருந்த பகுதிக்கு 1978-இல் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார்கள்: அவரவர் கப்பலை அவரவரே சோதிப்பது, அடுத்தவர் கப்பலைத் தொடுவதில்லை.

கணக்கும் பொதுக்கணக்கு. 1965 முதலே பேரண்ட்ஸ் கடலில் குஞ்சுமீன் கணக்கெடுப்பு கூட்டாக நடந்துவந்தது. பெர்கன் கடல் ஆய்வு நிறுவனத்தாரும் மூர்மன்ஸ்க் ஆய்வு நிறுவனத்தாரும் ஒரே கடலை ஒரே முறையில் அளந்தார்கள். மீன் குறைந்துவிட்டது என்று ஒரு தரப்பு சொன்னால், மறுதரப்பு அதைச் சூழ்ச்சி என்று தள்ள முடியாது. அதில் அவர்களுடைய ஆட்களின் கையெழுத்தும் இருக்கும்.

இதெல்லாம் ஒரே நாளில் கூடிவந்தது என்று எண்ண வேண்டாம். வலைக்கண்ணின் அளவை எடுத்துக்கொள்வோம். நார்வே 135 மில்லிமீட்டர் கேட்டது, ருஷ்யா 125 போதும் என்றது. பிடிக்கத்தக்க காட் மீனின் நீளம் நார்வேயில் 47 சென்டிமீட்டர், ருஷ்யாவில் 42. ஒரே கடலில் ஒரே மீனுக்கு இரண்டு அளவுகோல். எல்லை தாண்டிப் பிடிக்கும் கப்பல் எந்த விதிக்குக் கட்டுப்படும் என்பது ஓயாத வம்பு. 2011-இல்தான் கண்ணளவு 130 என்றும் நீளம் 44 என்றும் இரண்டுக்கும் நடுவே ஒன்றுபட்டார்கள். பத்து மில்லிமீட்டருக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒருமுறைகூட மேசையை விட்டு எழுந்து போய்விடவில்லை.

இனி நம் கடல். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதியில் 15 மீட்டர்கூட இல்லை. அடியில் கடற்புல், சேறு, சிப்பி, சங்கு, கடல் அட்டை. இறால், நண்டு, காரல், நகரை, திருக்கை, சூடை என எத்தனையோ வகை மீன் கலந்து கிடக்கிறது. இங்கே ஒரு மீனை எண்ணி, இத்தனை டன் உனக்கு, இத்தனை டன் எனக்கு என்று பிரிப்பது ஆகாத காரியம். ஆகவே வடக்கின் ஒதுக்கீட்டு முறை இங்கே பயன்படாது. இங்கே சண்டை அளவைப் பற்றியதல்ல, கருவியைப் பற்றியது.

விசைப்படகு இழுவைமடியை எப்படி இழுக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். வலையின் இரு பக்கமும் கனத்த பலகைகள். அவை தரையோடு உரசி வாயை அகலத் திறந்து வைக்கும். அடிக்கயிறு சேற்றைக் கிளறிக்கொண்டே போகும். இறாலைத் தேடி இழுக்கும் அந்த மடியில் புல்லும் பொடியும் சினைநண்டும் வந்து சேரும். வேண்டாதது கழிவு மீனாகப் போகும். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்துக்காரரும் மன்னார்க்காரரும் சிறிய வெளியிணைப்பு எஞ்சின் படகில் போய் மாலையில் செவுள்வலையை விரித்துவிட்டு விடியலில் எடுப்பவர்கள். இரவில் அந்தப் பக்கம் ஒரு விசைப்படகு இழுத்துக்கொண்டு போனால் விடியலில் மிதப்பும் கிழிசலும்தான் கிடைக்கும். பல மாதம் கடன் வாங்கிக் கட்டிய வலை ஓர் இரவில் போய்விடும். இழப்பைக் கேட்க வழியும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை.

இதில் நார்வேக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952-இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்ட இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பக்கம் தொடங்கியது. பின்னாளில் அதன் கிளை மண்டபத்துக்கும் வந்தது. விசைப்படகும் இறால் இழுவைமடியும் தென்னிந்தியக் கரைகளில் பரவியதில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு. நார்வே தன் கரையில் கருவியோடு விதியையும் சேர்த்து வளர்த்தது. இங்கே கருவி மட்டும் வந்தது. ஏற்றுமதிக்கு இறால் வேண்டும் என்ற அவசரத்தில், விதியைப் பற்றி எந்த அரசும் காலத்தோடு கவலைப்படவில்லை.

1983-க்குப் பின் இலங்கைப் போர் கடலை ஒருதலையாக்கியது. வடபகுதித் தமிழ் மீனவர்களுக்குக் கடலே பூட்டப்பட்டது. எஞ்சின் சக்திக்குக் கட்டுப்பாடு, நேரக் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயங்கள். அந்த வெற்றுக் கடலில் தமிழகத்து விசைப்படகுகள் பெருகின. 2009-இல் போர் முடிந்து வடக்கின் மக்கள் திரும்பக் கடலுக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே பெரும் படகுக்கூட்டம் இருந்தது. இரு பக்கமும் தமிழர், பல இடங்களில் உறவினர். சுடப்பட்டு இறந்தவர்கள், சிறைப்பட்டவர்கள், படகை இழந்தவர்கள் இராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் நாகையிலும் உண்டு. வலையை இழந்து கடனில் முழுகியவர்கள் எதிர்க்கரையில் பேசாலையிலும் பருத்தித்துறையிலும் நெடுந்தீவிலும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

தேர்தல் வந்தால் கச்சத்தீவுப் பேச்சு வருகிறது. 285 ஏக்கர்த் தீவு அது. அதை மீட்டாலும் விசைப்படகுகள் போகும் இடம் மாறாது. அவை அந்தத் தீவைத் தாண்டி நெடுந்தீவு, மன்னார்க் கரைகள் வரை போகின்றன. கோட்டை நகர்த்துவது மீனுக்கு எதையும் செய்துவிடாது.

பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர்கள் சென்னைக்கு வந்து தமிழக மீனவர்களோடு பேசினார்கள். 2014-இலும் 2015-இலும் சந்திப்பு தொடர்ந்தது. இழுவைமடியைக் கைவிட எத்தனை ஆண்டு அவகாசம், அதற்குள் ஆண்டுக்கு எத்தனை நாள் அனுமதி என்ற அளவுக்குக் கறாராகவே பேசினார்கள். 2015-இல் ஆண்டுக்கு 83 நாள், மூன்று ஆண்டுக்கு என்று தமிழகத் தரப்பு கேட்டது. இலங்கையின் வடபகுதி மீனவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் அது நியாயம்தான். 2016 நவம்பரில் டெல்லியில் அமைச்சர்கள் கூடி, மீன்வளத்துக்கான கூட்டுப் பணிக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்று முடிவெடுத்தார்கள். அந்தக் குழுவின் ஆறாவது கூட்டம் நடந்தது 2024 அக்டோபரில், கொழும்பில். எட்டு ஆண்டில் ஆறு கூட்டம். அதே 2024-இல் இலங்கைக் கடற்படை 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கைது செய்தது. பேரண்ட்ஸ் கடலிலோ, உக்ரைன் போர் தொடங்கிய 2022-இலும் நார்வே-ருஷ்யா ஆணையம் கூடியது, மறு ஆண்டுக்கான அளவை நிர்ணயித்தது. கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றத்தில் ருஷ்யா விலக்கி வைக்கப்பட்டதும், இரு நாட்டு ஆய்வாளர்கள் தனியே ஒரு குழு அமைத்துக் கணக்கெடுப்பைக் கைவிடாமல் காத்தார்கள்.

பேரண்ட்ஸ் ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியல்ல. 1980-களின் பிற்பகுதியில் கேப்லின் சரிந்து, காட் இரையில்லாமல் மெலிந்து, கடலோர மீன்பிடிப்பையே நார்வே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்து வந்த படகுவாரி ஒதுக்கீட்டில் சிறுபடகுக்காரர்களும் கரையோரச் சாமி பழங்குடி மக்களும் தள்ளப்பட்டார்கள். 2000-களின் நடுவில் நடுக்கடலில் கப்பல் மாற்றி ஏற்றிக் கணக்கில் வராத காட் ஏராளமாகக் கரையேறியது. 2007-இல் துறைமுகச் சோதனை வந்த பிறகுதான் அது அடங்கியது. 2013-இல் 10 லட்சம் டன்னாக இருந்த காட் அளவு 2025-க்கு 3,40,000 டன்னாகக் குறைக்கப்பட்டது. மீன் குறைகிறது, ஆனால் குறைகிறது என்று இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு கையைச் சுருக்குகிறார்கள். மோதலும் நேர்ந்ததுண்டு: 2005-இல் எலெக்ட்ரான் என்ற ருஷ்யக் கப்பல், சோதிக்க ஏறிய இரு நார்வே அதிகாரிகளோடு சொந்தக் கடலுக்கு ஓடியது. அதிகாரிகள் பத்திரமாகத் திரும்பினர். மாலுமித் தலைவர் ருஷ்ய நீதிமன்றத்தில் நின்றார். ஆண்டுதோறும் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் இருந்ததால் ஒரு குற்றத்தைக் குற்றமாக மட்டும் பார்க்க முடிந்தது.

நம்மிடம் கட்டுப்பாட்டு வழக்கமே இல்லை என்பதும் தவறு. இராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள். கடற்கரைச் சண்டைகளில் இருந்து பிறந்து ஊர் ஏற்று, அரசு பின்னால் நின்ற ஏற்பாடு அது. ஒரே கரையில் இரு தொழிலும் மோதாமல் நாளைப் பங்கிட்டது. அதே அறிவு கோட்டைத் தாண்டி இன்னும் போகவில்லை. இலங்கை 2017-இல் அடிமட்ட இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. அங்குள்ள குருநகர், பேசாலை இழுவைப்படகுகளுக்கும் அது பொருந்தும். அதே ஆண்டில் இந்தியா 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், பெரும்பகுதி மானியம். மாறியவர்கள் மிகச் சிலர். பாக் விரிகுடாவில் ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவரை நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொல்வது வேறொரு தொழிலுக்குப் போகச் சொல்வதுதான். அதற்குப் பயிற்சியும் துறைமுகமும் சந்தையும் வேண்டும். அவை கூடவே வரவில்லை.

ஒரே விரிகுடாவில் கடல் அட்டையை எடுத்தால் இந்தியக் கரையில் 2001 முதல் குற்றம், இலங்கைக் கரையில் உரிமம் பெற்ற தொழில். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. எதிர்க்கரையில் அதற்கு இணையான தடைக்காலம் இல்லை. இந்த இரண்டு முரணையும் தீர்க்க இறையாண்மையைத் தொடக்கூட வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. கொழும்பில் இலங்கையின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாரா இருக்கிறது. ஒரு தடைக்காலத்துக்கு முன்பும் பின்பும் இரு தரப்பும் ஒரே கப்பலில் ஏறிப் பாக் விரிகுடாவை ஒரு முறை அளந்துவிட்டு வரட்டும். அடுத்த பணிக்குழுக் கூட்டத்தில் அந்தக் கணக்கை முதல் பொருளாக வைத்து, இராமேஸ்வரத்து விசைப்படகுக்காரரையும், பாம்பன் நாட்டுப்படகுக்காரரையும், மன்னார்ப் படகு உரிமையாளரான சம்மாட்டியையும் அதிகாரிகளுக்குப் பின்வரிசையில் அல்லாமல் அதே மேசையில் உட்காரவைக்க வேண்டும்.