எல்பே நதியும் இரண்டு நகரங்களும்

நதிதீரத்தில் ஓர் ஊர் வளர வளர, அந்நதியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளும் அவ்வூராரின் வாழ்க்கைக்கேற்ப மாறிவிடுகின்றன என்னும் உண்மை, 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிகழ்ந்த பெருந்துயரத்தினால் ஐயமற விளங்கியது.

எல்பேயின் வடகரையில் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிக் கிடந்தன. சில இடங்களில் ஒரு வீதியே எல்லை. 1842-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி வகுத்த ஏற்பாட்டின்படி, ஹாம்பர்க் தனக்கு வேண்டிய ஜலத்தை நகருக்கு மேலே எடுத்து, வண்டலை மட்டும் ஓரளவு படியவிட்டு, வடிகட்டாமலே குழாய்களில் செலுத்தியது. கழிவுநீரைக் கீழே ஆற்றில் கலந்தது. ஆனால் கடலின் ஏற்றம் ஹாம்பர்க்கையும் தாண்டி எட்டுமாதலால், நீர் எதிர்த்து ஏறும் வேளைகளில் கீழே விட்ட அசுத்தம் மேலே ஜலமெடுக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது. மணல்வடிகட்டிகளுக்கு ஆகும் செலவைக் குறித்து நகரத்தார் ஆண்டுக்கணக்கில் தர்க்கம் செய்துகொண்டிருந்தனர். அவை 1893 மே மாதத்தில் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே, சுமார் 8,600 பேர் காலராவுக்குப் பலியாகிவிட்டனர். மன்னிக்கத் தகாத தாமதம் அது.

ஆல்டோனாவோ, ஏறத்தாழ 8 லட்சம் ஜனங்களின் கழிவு கலந்த பிறகு கீழே ஓடிவரும் நீரையே பருகியது. ஆயினும் நோய் அங்கே அற்பமாகவே பரவிற்று. ஹாம்பர்க்கின் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாய்நீரைப் பெற்றுவந்த ஒரு குடியிருப்பு, சுற்றிலும் மரணம் சூழ்ந்திருக்க, தான் மட்டும் தப்பியது. காற்றும் மண்ணும் நதியும் ஒன்றாயிருக்க, ஆல்டோனாவின் ஜலம் மணற்படுகையின் வழியே மெள்ள இறங்கி வந்தது என்பதே வேற்றுமை.

1884-இல் கல்கத்தாக் குளமொன்றில் காலராக் கிருமியைக் கண்ட ராபர்ட் கோக் இதை நுணுகி ஆராய்ந்தார். வெறும் மணல் கிருமியைத் தடுப்பதில்லை. நாளடைவில் அதன் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து, காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல, வழவழப்பான ஒரு மெல்லிய ஏடு படிகிறது. கிருமிகளைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது அந்த ஏடே.

1892-ஆம் ஆண்டின் அப்பெருந்துயரத்தை அடுத்து வந்த குளிர்காலத்தில், சுத்தம் செய்கையில் ஆல்டோனாவின் வடிகட்டி ஒன்று உறைந்துபோய் அந்த ஏடு பழுதுபட, அங்கும் காலரா தலைகாட்டியது. ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் நாள்தோறும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஒரு கன சென்டிமீட்டரில் 100 பாக்டீரியாக்களுக்குமேல் இருந்தால் அந்நீரை ஊருக்குள் விடலாகாது என்று கோக் விதித்தது அதன் பிறகுதான்.