உலகக் கோப்பை கால்பந்து: ஒரே ஆட்டத்தில் தலைவிதியை முடிவு செய்யும் பிளே-ஆஃப் சுற்று

உலகக் கோப்பைக்கான ஐரோப்பிய தகுதிச்சுற்றில், தனது பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி நேரடியாகத் தகுதி பெறுகிறது. அந்த இடத்தைத் தவறவிடும் அணிகளுக்கு எஞ்சியிருக்கும் கடைசி வாய்ப்பே 'பிளே-ஆஃப்'. பல மாதங்கள் ஆடிச் சேர்த்த புள்ளிகளுக்கு இச்சுற்றில் மதிப்பில்லை.

இதன் பழைய உதாரணங்களுள் ஒன்று 1958-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அரசியல் காரணங்களால் எதிரணிகள் ஆட மறுத்ததால், இஸ்ரேல் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் உலகக் கோப்பைக்குச் செல்லும் நிலை உருவானது. அதை ஏற்காத சர்வதேச கால்பந்து கூட்டமைப்பு (ஃபிஃபா), தகுதி பெறாத அணிகளுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்வு செய்து இஸ்ரேலுடன் மோத வைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அடுத்த இடம் பெற்று வெளியேறியிருந்த வேல்ஸ், இரு ஆட்டங்களிலும் 2-0 என வென்று ஸ்வீடன் சென்றது. அங்கு காலிறுதி வரை முன்னேறி, பெலே அடித்த ஒரே கோலில் பிரேசிலிடம் தோற்றது.

பின்னர் நீண்ட காலம், சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என இரு ஆட்டங்கள் நடைபெற்றன. மொத்த கோல்கள் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி. இவ்விதியால் 1997-இல் ஆஸ்திரேலியா பாதிக்கப்பட்டது. ஈரானுடன் தெஹ்ரானில் 1-1 எனச் சமன் செய்த அந்த அணி, மெல்போர்னில் 2-0 என முன்னிலை பெற்றும் 2-2 எனச் சமன் செய்ய நேர்ந்தது. தகுதிச்சுற்றில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமலேயே ஆஸ்திரேலியா வெளியேறியது.

2009 நவம்பரில் பாரிஸ் அருகே நடைபெற்ற பிரான்ஸ் - அயர்லாந்து ஆட்டத்தின் கசப்பு வேறு வகையானது. கூடுதல் நேரத்தில் தியரி ஹென்றி பந்தைக் கையால் தடுத்து அனுப்ப, வில்லியம் கல்லாஸ் அதைக் கோலாக்கினார். வீடியோ நடுவர் முறை அப்போது இல்லை. மறு ஆட்டம் கோரிய அயர்லாந்தின் வேண்டுகோளை ஃபிஃபா நிராகரித்தது.

ஐரோப்பாவில் 2022 தகுதிச்சுற்று முதல் அரையிறுதி, இறுதி இரண்டுமே ஒற்றை ஆட்டங்களாயின. சமனானால் கூடுதல் நேரம், பின்னர் பெனால்டி ஷூட் அவுட். இம்மாற்றத்தின் கடுமையை முதலில் உணர்ந்தது இத்தாலி. 2017-இல் ஸ்வீடனிடம் தோற்று, 60 ஆண்டுகளில் முதல்முறையாக உலகக் கோப்பை வாய்ப்பை இழந்திருந்த அந்த அணி, 2021 ஜூலையில் ஐரோப்பிய சாம்பியனாகி மீண்டிருந்தது. ஆனால் சுவிட்சர்லாந்துக்கு எதிரான இரு ஆட்டங்களிலும் ஜோர்ஜினோ பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்டதால் பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டது. 2022 மார்ச் 24-இல் பலெர்மோவில் இத்தாலி வீரர்கள் 30 முறைக்கும் மேல் கோலை நோக்கி உதைத்தும் ஒன்றும் உள்ளே செல்லவில்லை. 92-ஆவது நிமிடத்தில் வடக்கு மாசிடோனியாவின் அலெக்சாண்டர் டிராஜ்கோவ்ஸ்கி அடித்த ஒரே கோல் ஆட்டத்தை முடித்தது. வென்ற அணியும் அடுத்த ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் தோற்றது என்பது தனிக் கதை.

கண்டங்களுக்கு இடையேயான பிளே-ஆஃப் தனிப் பிரிவு. ஆசியாவுக்கு 'எட்டரை இடங்கள்' எனக் கூறப்படும்போது, அந்த அரை இடம் குறிப்பது இதையே. 48 அணிகள் பங்கேற்கும் 2026 உலகக் கோப்பைக்கு, இவ்வழியில் 6 அணிகள் 2 இடங்களுக்கு மோதும் முறை வகுக்கப்பட்டது. ஐரோப்பாவின் 16 இடங்களில் 12 பிரிவு முதலிடங்களுக்கு. எஞ்சிய 4 இடங்களுக்கு 16 அணிகள்.

2022 ஜூனில் கத்தாரில் பெரு அணியைச் சந்தித்த ஆஸ்திரேலியா, பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் கோல் கீப்பரை மாற்றியது. களமிறங்கிய ஆண்ட்ரூ ரெட்மெய்ன், கோல் கோட்டில் ஆடிக் குதித்து எதிரணியைத் திணறடித்து, இறுதி உதையைத் தடுத்தார். இந்தியா இக்கட்டத்தை ஒருமுறைகூட எட்டியதில்லை. 2026 தகுதிச்சுற்றில் இரண்டாம் சுற்றோடு வெளியேறியது.

அதே ஜூன் மாதம் 5-ஆம் தேதி கார்டிஃப் நகரில் வேல்ஸ், உக்ரைனை எதிர்கொண்டது. போரால் மார்ச்சில் நடைபெறாமல் ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்களில், உக்ரைன் முதலில் ஸ்காட்லாந்தை 3-1 என வீழ்த்தி வந்திருந்தது. கேரத் பேல் உதைத்த ஃப்ரீ கிக்கைத் தலையால் விலக்க முயன்ற ஆண்ட்ரி யார்மோலென்கோ, பந்தைத் தன் அணியின் வலைக்குள்ளேயே செலுத்தினார். அந்த ஒரு கோலில், 64 ஆண்டுகளுக்குப் பிறகு வேல்ஸ் உலகக் கோப்பைக்குத் திரும்பியது. கத்தாரில் அந்த அணி தனது பிரிவில் கடைசி இடம் பெற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது.